புழக்கடைக்கு எத்தனை யூனிட் ஜல்லி?

வீட்டோடு ஒரு கணக்கு



இந்தத் தடவை சமையல் கட்டை விட்டு வெளியே வந்து, புழக்கடையில் உட்கார்ந்து கொஞ்சம் கணக்குப் போடலாம் வாருங்கள். கணக்கு என்றதும் பக்கத்தைத் திருப்பி விடாதீர்கள். நான் எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றவள். எனக்கு வந்த கணக்கு உங்களுக்கும் வரும்.

எங்கள் ஊர் ஆரணி. புவிசார் குறியீடு பெற்ற ஆரணிப் பட்டு என்றால் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். எங்கள் வீட்டிலும் ஒரு குழித்தறி ஓடுகிறது. தறியே பார்த்திராத சகோதரிகளுக்காகச் சொல்கிறேன். குழித்தறி என்றால் தரையில் குழி எடுத்து, அதற்குள் மிதிப்பலகைகளை வைத்திருப்பார்கள். நெய்கிறவர் குழியின் விளிம்பில் உட்கார்ந்து, காலைக் குழிக்குள் தொங்கவிட்டு மிதிப்பார். பாவு தரைக்குக் கொஞ்சம் மேலே நீண்டு கிடக்கும். ஆக, வீட்டுக்குள் எங்கே தண்ணீர் புகுந்தாலும் அது முதலில் தேடிப் போகிற இடம் தறிக்குழிதான்.

எங்கள் வீடு சின்னது. தறி இருக்கிற அறைக்கும் சமையலறைக்கும் பின்சுவர் ஒன்றே. அந்தச் சுவருக்கு வெளியே புழக்கடை. துவைக்கிற கல், ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, கோடியில் குளியலறை. பல வருஷங்களாகக் குப்பையும் சாம்பலும் கொட்டிக் கொட்டி, தோட்டத்துக் கோடி மேடாகி, சுவர் ஓரம் பள்ளமாகிவிட்டது. மழை பெய்தால் தண்ணீரெல்லாம் சுவரைப் பார்த்து வரும்.

போன வருஷம் ஐப்பசியில் இரண்டு சங்கதி நடந்தது. ஒன்று, நாலு நாள் விடாமல் பெய்த மழையில் சுவர் ஊறி, தறிக்குழிக்குள் கணுக்கால் அளவு தண்ணீர் ஊறிவிட்டது. தறியில் இருந்தது ஒரு கல்யாணச் சேலை. பாவு நனையாமல் பிளாஸ்டிக் தாளைப் போட்டுக் காப்பாற்றினோம். ஆனால் குழி காய்ந்து, என் வீட்டுக்காரர் மறுபடி இறங்கி உட்காரப் பத்து நாள் ஆனது. பத்து நாள் தறி நின்றால் பத்து நாள் கூலி நின்றது என்று அர்த்தம். இரண்டாவது, அதே வாரம் எங்கள் அத்தை துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் சேற்றில் வழுக்கி விழுந்தார். கையை ஊன்றியதில் மணிக்கட்டில் எலும்பு விரிசல். எழுபது வயசுக்கு மேல் ஒரு எலும்பு கூடுவது என்றால் சும்மாவா? ஒன்றரை மாசம் தலைகூட நான்தான் வாரிவிட்டேன்.

அப்போதே முடிவு பண்ணினேன். அடுத்த மழைக்குள் புழக்கடையை ஒழுங்கு பண்ணி ஜல்லி போட்டுவிட வேண்டும்.

“ரெண்டு யூனிட் போட்டுடலாம்க்கா!”

பங்குனியில் மேஸ்திரியை வரவழைத்தேன். வந்தார், புழக்கடையை ஒரு சுற்றுச் சுற்றினார், பீடியை அணைத்துவிட்டு, “ரெண்டு யூனிட் போட்டுடலாம்க்கா. தாராளமா இருக்கும்” என்றார்.

“எப்படிங்க ரெண்டுன்னு சொல்றீங்க?”

“எல்லாம் ஒரு கண்மதிப்புதான்.”

எனக்கு அது சரியாகப் படவில்லை. எங்கள் வீட்டில் ஜரிகையைக் கிராம் கணக்கில் நிறுத்து வாங்கி, மீதியைக் கிராம் கணக்கில் நிறுத்துக் கொடுக்கிறோம். பாவில் எத்தனை இழை என்று எண்ணிப் போடுகிறோம். பட்டுக்கு இத்தனை கணக்கு பார்க்கிற வீட்டில், கல்லுக்கு மட்டும் கண்மதிப்பு எதற்கு? “ரெண்டு நாள் பொறுங்கண்ணே, அளந்து சொல்றேன்” என்று அவரை அனுப்பினேன்.

என்னிடம் இருந்தது தையல் டேப்புதான். அது 60 அங்குலம், அதாவது 5 அடி. ஒரு கயிற்றில் 5 அடிக்கு ஒரு முடிச்சாகப் போட்டுக்கொண்டேன். கூடமாட என் மகள் கயிற்றின் மறுமுனையைப் பிடித்தாள். பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் புழக்கடையைப் படமாக வரைந்தேன். படம் அழகாக இருக்க வேண்டும் என்பதில்லை. எந்த இடம் நீளச் சதுரம், எது வட்டம், எது முக்கோணம் என்று பிரித்துக்கொண்டால் போதும். எந்த வீட்டுப் புழக்கடையும் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும்.

கணக்கு இவ்வளவுதான்

நீளம், அகலம், கனம் மூன்றையும் பெருக்கினால் கன அடி வரும். 100 கன அடி ஒரு யூனிட். ஜல்லி, மணல் எல்லாம் நம் பக்கத்தில் இந்த யூனிட் கணக்கில்தான் விலை பேசுகிறார்கள். சில இடங்களில் எடைமேடையில் நிறுத்து டன் கணக்கில் தருவார்கள். ஒரு யூனிட் கருங்கல் ஜல்லி ஏறக்குறைய 4 முதல் 4½ டன் இருக்கும். நனைந்திருந்தால் எடை கூடும் என்பதால், டன் கணக்கில் வாங்குகிறவர்கள் மழை விட்ட மறுநாள் வாங்காதீர்கள்.

எங்கள் புழக்கடையில் ஐந்து இடங்கள்:

பின்வாசலிலிருந்து குளியலறை வரை நடைபாதை. நீளம் 24 அடி, அகலம் 3 அடி, ஜல்லியின் கனம் 3 அங்குலம்.

துவைக்கிற கல்லைச் சுற்றி. 8 அடிக்கு 6 அடி, கனம் 4 அங்குலம். இங்கே தினமும் தண்ணீர் விழுவதால் ஓர் அங்குலம் கூட வைத்தேன்.

சுவர் ஓரத்துப் பட்டை. 24 அடி நீளம், 2 அடி அகலம், 6 அங்குலம் ஆழம். தறியைக் காப்பாற்றப் போவது இதுதான்.

முருங்கையைச் சுற்றி ஒரு வட்டம். குறுக்களவு 6 அடி. வட்டத்துக்குப் பள்ளியில் படித்ததுதான். குறுக்களவில் பாதி 3. மூன்றை மூன்றால் பெருக்கி, 22/7ஆல் பெருக்கினால் சுமார் 28 சதுர அடி. மரத்தின் அடியை மூடக் கூடாது, மூடினால் தண்டு ஈரத்தில் அழுகும். அதற்காக நடுவில் 2 அடி வட்டம் விட்டேன். அது சுமார் 3 சதுர அடி. கழித்தால் 25 சதுர அடி. கனம் 3 அங்குலம்.

மதில் மூலையில் ஒரு முக்கோணம். அடி 8, உயரம் 6. இரண்டையும் பெருக்கிப் பாதி எடுத்தால் 24 சதுர அடி. கனம் 3 அங்குலம்.

நான் செய்த தப்பு

ராத்திரி சாப்பாடு முடிந்து, கணக்கைப் போட்டு முடித்தேன். எல்லாம் கூட்டினால் 84 கன அடி சொச்சம். சிந்துவதற்கும் மண்ணில் புதைவதற்கும் பத்தில் ஒரு பங்கு கூட்டினால் 92 சொச்சம். ‘ஆக, ஒரு யூனிட்’ என்று வட்டம் போட்டு வைத்தேன். மேஸ்திரி சொன்னதில் பாதி! எனக்கு ஒரே பெருமை.

காலையில் மகள் அந்தத் தாளைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். “என்னம்மா, மூணு அங்குலத்தை 0.3 அடின்னு போட்டிருக்கே? அடிக்குப் பத்து அங்குலமா?”

நாக்கைக் கடித்துக்கொண்டேன். அடிக்குப் பன்னிரண்டு அங்குலம் என்பது தெரியாதா எனக்கு? தெரியும். ஆனால் கை பழக்கத்தில் புள்ளி வைத்து எழுதிவிட்டது. 3 அங்குலம் என்றால் கால் அடி, 0.25. 4 அங்குலம் மூன்றில் ஒரு பங்கு. 6 அங்குலம் அரை அடி, 0.5. அங்குலத்தைப் பன்னிரண்டால் வகுத்த பிறகுதான் பெருக்க வேண்டும். இந்த ஓர் இடத்தில்தான் நம்மில் பாதிப் பேர் தடுக்கி விழுவோம், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

திருத்திப் போட்டோம். நடைபாதை 18, துவைக்கிற இடம் 16, சுவர்ப் பட்டை 24, முருங்கை 6¼, முக்கோணம் 6. மொத்தம் 70 கன அடி சொச்சம். பத்தில் ஒரு பங்கு சேர்த்தால் 77. முக்கால் யூனிட்டுக்கு இரண்டு கன அடிதான் அதிகம்.

அந்த நேரம் அத்தை எட்டிப் பார்த்தார். “ஜல்லி போடுறீங்க சரி. கூர்கூரா இருக்குமே, நான் வெறுங்காலோட எப்படி நடக்கிறது? மறுபடி என்னை விழ வைக்கவா?” என்றார்.

அவர் கேட்டது நியாயம். தளர்ந்த ஜல்லிமேல் வயசானவர்கள் கால் வைத்தால் கல் உருளும், கால் பிரளும். சேற்றில் விழுவதற்குப் பதில் கல்லில் விழவா இத்தனை செலவு? பழைய திண்ணையைப் பிரித்தபோது எடுத்து வைத்த கடப்பைக் கல் பலகைகள் எட்டு, மதில் ஓரம் சாத்திக் கிடந்தன. ஒவ்வொன்றும் 2 அடிக்கு 1½ அடி. அவற்றை ஓர் எட்டுக்கு ஒன்றாக நடைபாதையில் பதித்துவிட்டால் அத்தை அதன்மேலேயே நடக்கலாம். பளபளப்பான பக்கத்தைக் கீழே போட்டு, சொரசொரப்பான பக்கத்தை மேலே வைக்க வேண்டும். இல்லாவிட்டால் மழையில் அதுவே வழுக்கும்.

எட்டுப் பலகையும் சேர்ந்து 24 சதுர அடியை அடைத்துக்கொள்ளும். பலகைக்கு அடியில் மண்ணைக் கெட்டித்துவிடுவதால் அங்கே ஜல்லி வேண்டாம். நடைபாதை 72 சதுர அடியில் மிச்சம் 48. கால் அடி கனத்துக்கு 12 கன அடி. ஆக மொத்தம் 64¼, பத்தில் ஒரு பங்கோடு 70¾. முக்கால் யூனிட் போதும், நாலு கன அடி கையிருப்பும் நிற்கும்.

மேஸ்திரி சொன்னதற்கும் இதற்கும் வித்தியாசம் ஒன்றேகால் யூனிட். எங்களுக்கு அது ஏறக்குறைய ஒரு சேலைக் கூலி. காசு மட்டுமில்லை. மிஞ்சின ஜல்லியை மூலையில் குவித்து வைத்தால் தேளுக்கும் பூரானுக்கும் வீடு கட்டிக் கொடுத்த மாதிரி.

மனப்பாடம் பண்ண ஒரு வாய்ப்பாடு

இத்தனை பெருக்கலும் வேண்டாம் என்கிறவர்கள் இதை மட்டும் எழுதி அலமாரிக் கதவுக்குள் ஒட்டிக்கொள்ளுங்கள். ஒரு யூனிட் ஜல்லியை,

2 அங்குலக் கனத்தில் பரப்பினால் 600 சதுர அடி,
3 அங்குலத்தில் 400 சதுர அடி,
4 அங்குலத்தில் 300 சதுர அடி,
6 அங்குலத்தில் 200 சதுர அடி வரும்.

உங்கள் இடம் எத்தனை சதுர அடி என்று மட்டும் அளந்தால் போதும். நடந்து போகிற இடத்துக்கு 2 முதல் 3 அங்குலம், தண்ணீர் விழுகிற இடத்துக்கு 4, சுவர் ஓரத்துக்கு 6 என்று வைத்துக்கொள்ளலாம்.

கொஞ்சமாக வேண்டுகிறவர்கள் சிமெண்டு மூட்டையை அளவாக வைத்துக்கொள்ளலாம். 50 கிலோ சிமெண்டு மூட்டை சுமார் 1¼ கன அடி. எங்கள் வீட்டு இரும்புச் சட்டியால் அந்தச் சாக்கை நிரப்பிப் பார்த்தேன், மூன்று சட்டி பிடித்தது. அப்படியானால் ஒரு சட்டி சுமார் 0.4 கன அடி. சட்டிக்குச் சட்டி அளவு மாறும் என்பதால் உங்கள் வீட்டுச் சட்டியை நீங்களே அளந்துகொள்ளுங்கள்.

எந்தக் கல்?

கடைக்காரர்கள் எம்.எம். கணக்கில் சொல்வார்கள். 20 எம்.எம். என்பது நாம் சொல்கிற முக்கால் ஜல்லி. 40 எம்.எம். ஒன்றரை ஜல்லி. 12 எம்.எம். அரை அங்குல ஜல்லி. அதற்கும் கீழே 6 எம்.எம். சிப்ஸ். நான் எல்லா இடத்துக்கும் முக்கால் ஜல்லியே போட்டேன். இடுக்கு வழியாகத் தண்ணீர் தாராளமாக இறங்கும், காலிலும் செருப்பிலும் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் வராது.

‘கிராவல்’ என்று கேட்டு வாங்கிவிடாதீர்கள். நம் பக்கத்தில் கிராவல் என்றால் சிறு கல் கலந்த செம்மண். மேடு போடவும் கெட்டிக்கவும் அது நல்லது. தண்ணீர் இறங்க அது உதவாது, மேலே போட்டால் மறுபடி சேறுதான். ஜல்லியிலும் கிரஷர் தூள் நிறையக் கலந்திருந்தால் இடுக்கெல்லாம் அடைத்துக்கொள்ளும். ஒரு கை அள்ளிப் பாருங்கள். கை மாவு மாதிரி வெளுத்தால் வேறு லோடு கேளுங்கள்.

“கமண்டல நாகநதியில உருண்டைக் கல்லு கிடக்குது, சும்மா அள்ளிக்கிட்டு வரலாமே” என்று ஒருவர் யோசனை சொன்னார். ஆற்றில் அனுமதி இல்லாமல் கல்லோ மணலோ அள்ளுவது குற்றம். நம் கிணற்றில் தண்ணீர் ஊற வேண்டுமானால் ஆற்றில் கல்லும் மணலும் இருக்க வேண்டும். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

கைக்குழந்தை இருக்கிற இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. தவழுகிற, தத்தித் தத்தி நடக்கிற பிள்ளைகள் கையில் கிடைத்ததை வாயில் போடும், மூக்கில் திணிக்கும். சிப்ஸும் அரை அங்குல ஜல்லியும் தொண்டையில் சிக்குகிற அளவு. முக்கால் ஜல்லியும் சின்னக் குழந்தைக்கு ஆபத்துதான். பிள்ளைக்கு மூன்று வயசு தாண்டுகிற வரை புழக்கடைக் கதவுக்கு ஒரு தடுப்புப் பலகை போட்டு வையுங்கள். விளையாட ஓர் இடத்தை ஜல்லி போடாமல், பெருக்கிச் சாணம் தெளித்த மண் தரையாகவே விட்டுவிடுங்கள்.

ஜல்லிக்கு முன்னால் வாட்டம்

இதுதான் முக்கியம். பள்ளத்தில் ஜல்லியைக் கொட்டினால் தண்ணீர் கண்ணுக்குத் தெரியாமல் போகும். ஆனால் அங்கேதான் இருக்கும். கல் தண்ணீரைக் குடிக்காது. சுவர் ஓரத்தில் அப்படி ஒரு பள்ளத்தை ஜல்லியால் மூடினால், தறிக்குழிக்குத் தொட்டி கட்டிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

அதனால் முதலில் மண்ணைத் திருத்தினோம். மேஸ்திரி கண்ணாடி போன்ற ட்யூபில் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்த்தார். சுவரிலிருந்து தோட்டத்துக் கோடி வரை, நாலு அடிக்கு ஓர் அங்குலம் தாழும்படி வாட்டம் வைத்தார். கோடியில் இருந்த மேட்டை வெட்டி, சுவர்ப் பக்கம் போட்டுத் தண்ணீர் தெளித்துத் திமிசு போட்டார். தளர்வாகக் கொட்டிய மண் கெட்டித்தால் அமுங்கிக் குறையும், அதனால் கொஞ்சம் கூடவே போட வேண்டும். வீட்டுத் தரை மட்டத்துக்கு மேலே மட்டும் வெளியே மண்ணோ ஜல்லியோ ஏறக் கூடாது. ஏறினால் சுவர் ஈரம் குடிக்கும்.

சுவர்ப் பட்டைக்கு 6 அங்குலம் என்றேன் அல்லவா? அதன் அடித்தரைக்கும் வாட்டம் வேண்டும். ஒரு முனையில் 4½ அங்குலம், மறு முனையில் 7½ அங்குலம் தோண்டினோம். 24 அடிக்கு 3 அங்குலத் தாழ்வு. இரண்டையும் கூட்டிப் பாதி எடுத்தால் சராசரி 6 அங்குலம், ஆகவே கணக்கு மாறவில்லை. தாழ்ந்த முனையிலிருந்து ஒரு குழாய் வழியாக, மதில் ஓரத்து மழைநீர்க் குழிக்குத் தண்ணீரைத் திருப்பினோம். 2003-ல் தமிழ்நாட்டில் எல்லா வீட்டுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று வந்தபோது தோண்டிய குழி அது. சுவரிலிருந்து பன்னிரண்டு அடி தள்ளி இருப்பதால் பயமில்லை. அதற்குள் இருந்த கல்லெல்லாம் சேறு படிந்திருந்தது. வெளியே எடுத்து அலசிப் போட்டோம்.

நடைபாதையில் ஜல்லிக்கு அடியில், பழைய அரிசிச் சாக்குகளைப் பிரித்து, கோணி ஊசியால் நெருக்கமாகத் துளை போட்டு விரித்தேன். ஆரணியில் அரிசிச் சாக்குக்குப் பஞ்சமா! மண்ணும் கல்லும் கலக்காது, களையும் குறையும்.

தலை தட்டி அள!

சித்திரையில் டிராக்டர் வந்தது. “முக்கால் யூனிட் இருக்குதும்மா, எங்க கொட்டணும்?” என்றார் ஓட்டுகிறவர். பார்க்க நடுவில் கோபுரமாகத்தான் இருந்தது. எனக்கு ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை.

திண்ணையில் உட்கார்ந்திருந்த அத்தைதான் கூப்பிட்டார். “அம்மாடி, அந்தக் காலத்துல படியில அரிசி வாங்கினா தலை தட்டித்தானே அளப்போம்? கூம்பா இருக்குன்னு அப்படியே வாங்குவியா?”

“அண்ணே, கொட்டுறதுக்கு முன்னாடி கொஞ்சம் சமமா நிரவி விடுங்க” என்றேன். அவர் முகம் சுளித்தாலும் மண்வெட்டியால் நிரவினார். தையல் டேப்பை எடுத்துக்கொண்டு டிரெய்லரில் ஏறினேன். தெருவே வேடிக்கை பார்த்தது. உள்பக்கம் நீளம் 10 அடி, அகலம் 6 அடி, ஆக 60 சதுர அடி. 75 கன அடி இருக்க வேண்டுமானால் உயரம் 1¼ அடி, அதாவது 15 அங்குலம் நிற்க வேண்டும். ஒரு குச்சியைச் சொருகி ஐந்து இடத்தில் பார்த்தேன். எல்லா இடத்திலும் 12 அங்குலத்தை ஒட்டித்தான் வந்தது. 60 கன அடி! பதினைந்து கன அடி குறைவு. சட்டிக் கணக்கில் 37 சட்டி.

“இன்னாம்மா இது, இதுவரைக்கும் யாரும் இப்படி அளந்ததில்லையே” என்றார் அவர்.

“உங்களைக் குத்தம் சொல்லலைண்ணே. நீங்களே குச்சியைப் பாருங்க” என்று டேப்பை அவர் கையில் கொடுத்தேன். பார்த்தார். போனில் முதலாளியிடம் பேசினார். “மீதியை நாளைக்குக் காலையில சாக்குல போட்டு அனுப்பறாங்களாம்” என்றார். பாதிப் பணத்தைக் கொடுத்து, மீதி கல் வந்ததும் மீதிப் பணம் என்றேன். மறுநாள் மதியம் பன்னிரண்டு சாக்கு வந்து இறங்கியது. சண்டையும் இல்லை, சத்தமும் இல்லை.

அந்தப் பதினைந்து வராமல் போயிருந்தால் எங்கே குறைந்திருக்கும் தெரியுமா? கடைசியாகப் போடுவதாக வைத்திருந்த சுவர்ப் பட்டையில்தான் குறைந்திருக்கும். அதற்காகத்தானே இத்தனை பாடும்! அதனால் இன்னொன்றும் சொல்கிறேன். எந்த இடம் ரொம்ப அவசியமோ அதை முதலில் போடுங்கள். அழகுக்குப் போடுவது கடைசியில். குறைந்தால் அழகு குறையட்டும்.

பரப்புவதற்கு முன், கனத்துக்குக் கோடு போட்ட முளைக்குச்சிகளை அங்கங்கே அடித்து வைத்தேன். கோடு வரை நிரப்பு என்று சொன்னால் கூலியாளுக்கும் சந்தேகமில்லை, நமக்கும் ஓர் இடத்தில் அதிகம், ஓர் இடத்தில் குறைவு என்ற கவலையில்லை.

மழை வந்தது

ஆடி கடைசியில் ஒரு நல்ல மழை. நான் குடையைப் பிடித்துக்கொண்டு புழக்கடையிலேயே நின்று பார்த்தேன். எல்லா இடத்திலும் தண்ணீர் ஓடி வடிந்தது. துவைக்கிற கல்லுக்குப் பின்னால் மட்டும் ஒரு தாம்பாள அளவுக்குத் தேங்கியது. அந்த இடத்தில் கல் கனமாக இருக்கிறதென்று நாங்கள் வாட்டம் சரியாக வைக்கவில்லை. மறுநாள் ஜல்லியை ஒதுக்கி, மண்ணைச் சீவி, மறுபடி பரப்பினோம். கையிருப்பு நாலு கன அடி அங்கே உதவியது. தேங்கின தண்ணீரை அப்படியே விடக் கூடாது சகோதரிகளே. கொசு முட்டையிட்டுப் புழுவாகிப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். டெங்கு பரப்புகிற கொசுவுக்கு ஒரு தேங்காய்ச் சிரட்டைத் தண்ணீரே தாராளம். பாத்திரம் கழுவுகிற இடத்து ஜல்லியில் சோற்றுப் பருக்கை விழுந்தால் எறும்பும் எலியும் வரும், நாற்றமும் அடிக்கும். மாசம் ஒரு தடவை அந்த இடத்து ஜல்லியைக் கிளறி அலசிவிடுங்கள்.

பிறகு ஐப்பசி வந்தது. மூன்று நாள் அடைமழை. முதல் ராத்திரி நானும் என் வீட்டுக்காரரும் தூங்கவே இல்லை. மணிக்கொரு தரம் டார்ச் அடித்துத் தறிக்குழியைப் பார்த்தோம். இரண்டாம் நாள் குழியின் ஒரு பக்கத்து மண் கொஞ்சம் கறுத்து ஈரம் காட்டியது. தண்ணீர் நிற்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் மழை தூறிக்கொண்டே இருக்க, அவர் குழியில் இறங்கி ஒரு சாக்கை மடித்துக் காலடியில் போட்டு உட்கார்ந்தார். சமையலறையில் எனக்குத் தறிச் சத்தம் கேட்டது. அடுப்பில் பால் பொங்கியதைக்கூடக் கவனிக்காமல் நின்றிருக்கிறேன்.

அத்தை அந்த மழையிலும் கடப்பைக் கல்மேல் ஒவ்வோர் எட்டாக வைத்துக் குளியலறைக்குப் போய் வந்தார். “கல்லு ரெண்டுக்கு நடுவுல இடைவெளி கொஞ்சம் கூடப் போச்சு” என்று ஒரு குறையும் சொன்னார். பார்த்தால் நிஜம். நான் என் எட்டுக்கு அளந்து வைத்திருந்தேன், அவர் எட்டுக்கு வைக்கவில்லை! தை பிறந்ததும் அதை மாற்ற வேண்டும். நீங்கள் போடும்போது வீட்டில் யார் மெதுவாக நடக்கிறார்களோ, அவர்களை நடக்கச் சொல்லி அவர்கள் பாதம் படுகிற இடத்தில் கல்லை வையுங்கள்.

உங்கள் வீட்டுப் புழக்கடையையும் இந்த வெயில் காலத்திலேயே ஒரு கயிற்றையும் தையல் டேப்பையும் வைத்து அளந்து பாருங்கள். அளந்ததைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு பிறகு மேஸ்திரியைக் கூப்பிடுங்கள்.

அடுத்த இதழில், துவைக்கிற தண்ணீரை வீணாக்காமல் வாழைக்குத் திருப்பிய கதையைச் சொல்கிறேன். அதிலும் ஒரு தப்புப் பண்ணினேன். அதையும் மறைக்காமல் சொல்கிறேன்!